வெயில் காலத்து மலை நடைக்கு மழை ஜெர்கின் வேண்டுமா? கும்பக்கரை முதல் கோத்தகிரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மே மாதக் காலை. பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு ஏறத் தொடங்கினோம். ஏழு மணிக்கே புழுக்கம். அருவியைத் தாண்டி அரை மணி நேரம் நடந்திருப்போம், தூறல் விழுந்தது. புதிதாக வாங்கிய வாட்டர்ப்ரூஃப் ஜெர்கினை எடுத்துக் கழுத்து வரை ஜிப் போட்டுக்கொண்டேன். கொடுத்த காசுக்கு வேலை செய்யட்டுமே என்ற எண்ணம். முக்கால் மணி நேரத்தில் முழங்கை மடிப்பில் வியர்வை தேங்கி, கையைத் தொங்கவிட்டதும் விரல் வழியாக வடிந்தது. கூட வந்த வெள்ளகவிக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, மழை வெளிய பெய்யுதா, உள்ளுக்குள்ள பெய்யுதா?" அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

அவரும் நனைந்திருந்தார், நானும் நனைந்திருந்தேன். ஆனால் அவர் பேசிக்கொண்டே ஏறினார். எனக்கு மூச்சு வாங்கியது, தலை கனத்தது.

அதற்குப் பிறகு பல தடவை ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மழை ஜெர்கினை எப்போதும் பையில் எடுத்துப் போங்கள். வெக்கையில் ஏறும்போது மழையே பெய்தாலும் போடாதீர்கள். நின்றால் போடுங்கள், மேட்டில் காற்று அடித்தால் போடுங்கள். வெயில் காலத்தில் அதன் வேலை உங்களை நனையாமல் காப்பது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எப்படியும் நனையத்தான் போகிறீர்கள். நனைந்த உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

(ஜாக்கெட் என்று எழுதாமல் ஜெர்கின் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. "மலைக்குப் போக ஒரு ஜாக்கெட் வாங்கணும்" என்று வீட்டில் சொன்னபோது அம்மா பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.)

முதலில், உள்ளே ஏன் மழை பெய்கிறது?

ஏற்றத்தில் நடக்கும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் ஏறுகிற வேலைக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பு வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தண்ணீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம். காற்றுப் புகாத உறைக்குள் நடப்பது அந்த மாதிரிதான்.

"இது மூச்சுவிடும் துணி சார்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சடாரென்று இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட மெல்லிய சவ்வாக்கினார். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய அளவுத் துளைகள். கோர்-டெக்ஸ் பிறந்த கதை இது. பிறகு எத்தனையோ நிறுவனங்கள் எத்தனையோ பெயர்களில் இந்த மாதிரித் துணிகளைச் செய்துவிட்டன.

சிக்கல் துணியில் இல்லை, நம் ஊர்க் காற்றில் இருக்கிறது. நீராவி தானாக வெளியே போகாது. உள்ளே அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். ஜெர்கினுக்குள் 32 டிகிரியில் காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் நீராவி அழுத்தம் சுமார் 4.8 கிலோபாஸ்கல். வெளியே 8 டிகிரி குளிரில் மழை பெய்கிறதென்றால் அங்கே அழுத்தம் சுமார் 1 கிலோபாஸ்கல். வித்தியாசம் 3.8, ஆவி வேகமாக வெளியேறும். அதே மழை 26 டிகிரியில் பெய்தால் வெளியிலேயே 3.2 இருக்கும். வித்தியாசம் 1.6. துணி அதே துணிதான், வெளியே தள்ளும் விசை பாதிக்கும் கீழே போய்விட்டது. குளிர் நாட்டு மலையில் பிரமாதமாக வேலை செய்யும் ஜெர்கின் கும்பக்கரையில் இட்லிப் பானையாக மாறுவது இதனால்தான்.

விலைச்சீட்டில் 10,000 என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் 10,000 கிராம் நீராவி போகும் என்று பொருள். மணிக்கு 400 கிராம் சொச்சம், அதுவும் ஆய்வுக்கூடத்துக்குச் சாதகமான நிலையில். வெக்கையில் செங்குத்தாக ஏறுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம். கணக்கு அங்கேயே உதைக்கிறது. முதுகில் பை வேறு. பை அழுத்துகிற இடத்தில் துணி மூச்சுவிடுவதே இல்லை.

படி 1: எந்த மலை, எந்த மாதம் என்று பாருங்கள்

நீலகிரி என்றால் எல்லா இடத்திலும் ஒரே மழை இல்லை. மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்குபவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தப் பருவத்தில் அங்கே குளிரும் காற்றும் சேர்ந்தே இருக்கும். அது வெயில் கால நடையே இல்லை. ஜெர்கினைத் தாராளமாகப் போட்டுக்கொண்டே நடக்கலாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. கொடைக்கானலுக்கும் அப்படியே, தென்மேற்கிலும் கொஞ்சம் கிடைக்கும்.

இந்த வழிகாட்டி முக்கியமாக ஏப்ரல், மே கோடை மழையைப் பற்றியது. காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். சமவெளிச் சூடு மேலே ஏறி, மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, இடியோடு ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இதற்கு நல்ல மழைக்கோட்டைவிட நல்ல அலாரம் உதவும். ஆறு மணிக்குக் கிளம்பி, மதியத்துக்குள் மேட்டைவிட்டு இறங்கிவிட்டால் பாதி நாட்களில் ஜெர்கின் பையைவிட்டு வெளியே வராது.

உயரக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். கும்பக்கரை அடிவாரத்திலிருந்து வட்டக்கானல் போய்ச் சேர 1,600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கீழே 34 டிகிரி என்றால் மேலே 23, 24தான். மழை பெய்து காற்றும் அடித்தால் இன்னும் கீழே போகும். ஒரே நாளில் இரண்டு பருவங்களுக்கு உடுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அனுமதி. வனப்பாதைகளில் நினைத்தபடி நுழைய முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்திலேயே பதிவு செய்யலாம். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைக் கிளம்புமுன் அங்கே பாருங்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

படி 2: கையில் இருப்பதைச் சோதியுங்கள், பிறகு வாங்குங்கள்

பைக்குக்கு வாங்கிய ரப்பர் மாதிரியான ரெயின்கோட்டை மலைக்குக் கொண்டுவராதீர்கள். பைக்கில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், காற்று எதிரே வருகிறது. மலையில் இரண்டும் தலைகீழ்.

பழைய ஜெர்கின் இருந்தால் தோள்பட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில் உருளுவதுபோல் முத்து முத்தாக உருண்டால் மேல்பூச்சு நன்றாக இருக்கிறது. துணி இருண்டு ஊறினால் பூச்சு போய்விட்டது. உள்சவ்வு சரியாகவே இருந்தாலும், மேல்துணி ஊறிவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளே நீர் கோர்க்கும். "என் ஜெர்கின் ஒழுகுது" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடப்பது இதுதான்.

புதிதாக வாங்கினால் நான் பார்ப்பது முதலில் அக்குள் ஜிப். கைக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குத் திறக்கும் ஜிப் இருந்தால், நம் ஊர் வெக்கையில் விலைச்சீட்டிலுள்ள எந்த எண்ணையும்விட அதிகம் உதவும். ஆவியைத் துணி வழியாக வடிகட்டி அனுப்புவதைவிடக் கதவைத் திறந்துவிடுவது சுலபம். முன்பக்கம் முழு ஜிப் இருக்கட்டும். தலைவழியாக மாட்டுகிற வகை வேண்டாம். ஓர் அளவு பெரிதாக எடுங்கள். எடை 400 கிராமுக்குள் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வரத் தோன்றாது. தண்ணீர்த் தாங்குதிறனுக்கு 10,000 மில்லிமீட்டர் (துணிமேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள்) என்று போட்டிருந்தால் ஒரு கோடை மழைக்குத் தாராளம். 20,000த்துக்குப் பணம் கொட்டத் தேவையில்லை.

படி 3: ஜெர்கினுக்கு மாற்றுகளையும் எண்ணிப் பாருங்கள்

குடை. சிரிக்காதீர்கள். கோத்தகிரி லாங்வுட் சோலை மாதிரியான இடத்தில், காற்றில்லாத வெதுவெதுப்பான மழையில், குடையை மிஞ்சிய மழை உடுப்பு கிடையாது. தலையும் தோளும் நனையாது, நாலா பக்கமும் காற்று வரும், வியர்வை ஆவியாகும். மேட்டில் காற்றடித்தால் உபயோகமில்லை. உண்ணிச்செடிப் புதர் நெருக்கும் ஒற்றையடிப் பாதையில் கம்பி மாட்டி இழுக்கும். இடி இடிக்கும்போது திறந்த வெளியில் பிடிக்கவே கூடாது.

போன்ச்சோ என்கிற போர்வை மாதிரியான மழை உடுப்பு பையையும் சேர்த்து மூடும், கீழே திறந்திருப்பதால் காற்றோட்டமும் உண்டு. ஏற்றத்துக்கு ஜெர்கினைவிட மேல். இறக்கத்தில் மட்டும் கவனம். முன்தொங்கல் காலடியை மறைத்துவிடும், ஈரப்பாறையில் அது நல்லதில்லை. ஒருமுறை போட்டு எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் கோட்டுகளை மட்டும் வாங்காதீர்கள். முதல் முள்ளிலேயே கிழியும். கிழிந்தவை முட்புதர்களில் தொங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தேயிலைத் தோட்டங்களில் கம்பளியை மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டு வேலை செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்துவைக்கும். பருத்தி அப்படியில்லை. அடிவார வெக்கையில் நனைந்த பருத்திப் பனியன் சுகமாகக் குளிர்விக்கும். அதே பனியன் மேலே காற்றில் உங்கள் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன் பிழிந்து உதறினால் காய்ந்துவிடும். நடைக்கு அதுதான்.

படி 4: பையைக் கட்டும் முறை

ஜெர்கின் பையின் உச்சியில் இருக்கட்டும். அடியில் வைத்தால் மழையில் சாப்பாட்டுப் பொட்டலம், டார்ச் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டுத் தேட வேண்டிவரும். அதைவிட முக்கியம், ஒரு மாற்றுப் பனியனும் ஒரு ஜோடி சாக்ஸும் கெட்டியான பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி உள்ளே இருக்க வேண்டும். உரச்சாக்கின் உள்தாளை நன்றாகக் கழுவிப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாச் சாமான்களையும் வைப்பது என் பழக்கம். கடையில் விற்கும் பை உறைகள் முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது.

ஜெர்கினா, காய்ந்த பனியனா, ஒன்றுதான் எடுத்துப் போகலாம் என்று யாராவது கேட்டால் பனியனைத்தான் சொல்வேன்.

படி 5: கிளம்பும்போதும், மழை தொடங்கும்போதும்

கிளம்பும்போது லேசாகக் குளிர்வது மாதிரி இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். கிளம்பும் இடத்திலேயே கதகதப்பாக இருந்தால், போட்டிருப்பது அதிகம்.

மழை விழுந்ததும் கை தானாக ஜெர்கினைத் தேடும். ஒரு நிமிடம் நில்லுங்கள். ஏறிக்கொண்டிருக்கிறீர்களா, காற்று அடிக்கிறதா, நனைந்த கை சில்லிடுகிறதா என்று பாருங்கள். ஏற்றம், காற்றில்லை, கையில் சூடு இருக்கிறது என்றால் நனைந்துகொண்டே நடங்கள். கண்ணில் தண்ணீர் விழாமல் ஒரு தொப்பி போதும். மேகம் இறங்கி மூடுகிறதே என்று பயந்தும் போட வேண்டாம். மூடுபனியில் சட்டை ஈரமாகும், அவ்வளவுதான்.

மூன்றில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். வெள்ளகவி தாண்டி வட்டக்கானல் நெருங்க நெருங்கக் காற்று வரும். அப்போது ஜெர்கினைப் போட்டு, முன்ஜிப்பைப் பாதிவரை இறக்கி, அக்குள் ஜிப்பைத் திறந்துவிட்டு, வேகத்தைக் குறைத்து நடங்கள். வேகத்தைக் குறைப்பதை யாரும் சொல்வதில்லை. வியர்வையைக் கட்டுப்படுத்த அதைவிட நல்ல வழி கிடையாது. இறக்கத்தில் உடம்பு அவ்வளவு சூடாகாது. இறங்கும்போது மழை பெய்தால் போட்டுக்கொள்வதே சரி.

(வெள்ளகவி ஊருக்குள் செருப்பு, ஷூ போட்டு நடக்கக் கூடாது. ஊரே கோயில் மாதிரி. எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மழைநாளில் ஷூவைக் கழற்றினால் சாக்ஸுக்குள் அட்டை ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.)

ஜெர்கினோடு வரும் தலைமூடியை (ஹூட்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி எல்லாமே காட்டுமாடு திரிகிற இடங்கள். மூடியை இழுத்துப் போட்டால் பக்கப் பார்வை போய்விடும். துணி காதருகே சரசரக்கிற சத்தத்தில் புதருக்குள் மாடு சீறுவது கேட்காது. தேயிலைத் தோட்டத்து வளைவில் பத்தடித் தூரத்தில் ஒன்றைப் பார்த்து உறைந்து நின்றிருக்கிறேன். கூட வந்தவர் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நேராக அதன்மேல் போய் முட்டியிருப்பேன். புதர் நெருங்கிய இடங்களில் மூடி பின்னால் கிடக்கட்டும். நனையும் தலையைத் துவட்டிக்கொள்ளலாம்.

படி 6: நின்றவுடன்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலானவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

நடை நின்றதும் உடம்பு சூடு உற்பத்தி செய்வது சட்டென்று குறையும். ஈரத்துணி சூட்டை இழுப்பது மட்டும் நிற்காது. வட்டக்கானல் டால்பின் மூக்குப் பாறையில் போட்டோ எடுக்கப் பதினைந்து நிமிடம் நின்றாலே பல் கிட்டும். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் தாமதம். உட்காருமுன்னே ஈரப் பனியனைக் கழற்றி, துண்டால் உடம்பைத் துவட்டி, காய்ந்ததைப் போட்டு, மேலே ஜெர்கினைப் போட்டு ஜிப்பை முழுக்க ஏற்றுங்கள். ஒரு தாளின் கனம்தான் துணி, ஆனால் காற்றை நிறுத்திவிடும். விலைகொடுத்து வாங்கியதன் பலன் அந்தப் பத்து நிமிடத்தில் தெரியும்.

திரும்ப நடக்கும்போது? ஈரப் பனியனையே மறுபடி மாட்டுங்கள். முதல் நிமிடம் உடம்பு கூசும், நூறடி நடந்தால் சரியாகிவிடும். காய்ந்ததை வியர்வையில் நனைத்துவிட்டால் அடுத்த நிறுத்தத்துக்கு ஒன்றும் இருக்காது.

படி 7: இரண்டு பக்கத்து ஆபத்து

அடிவாரத்தில் ஜெர்கினோடு ஏறுகிறவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். நிழலில் உட்காரவைத்து, ஜெர்கினையும் சட்டையையும் கழற்றி, தண்ணீர் தெளித்து விசிறுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ அது வெப்பவாதம். வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மேலே இதற்கு நேர்மாறு. நனைந்தவர் விடாமல் நடுங்குகிறார், ஜிப்பைப் போட விரல் வளையவில்லை, கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் உடல்வெப்பம் இறங்குகிறது. 15 டிகிரியில்கூட ஈரமும் காற்றும் சேர்ந்தால் இது நடக்கும். ஈரத்தைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, காற்று மறைவில் உட்காரவைத்து, நினைவோடு இருந்தால் சூடாக இனிப்புத் தேநீர் கொடுங்கள்.

இடி கேட்டால் ஜெர்கின் பற்றிய யோசனையெல்லாம் அப்புறம். மேட்டையும் தனிமரத்தையும் விட்டு இறங்குங்கள். ஓடையைக் கடக்கிற இடத்தில் தண்ணீர் நிறம் மாறிக் கலங்கி வந்தால் கடக்காமல் காத்திருங்கள். மேலே பெய்த மழை கும்பக்கரைக்கு வரும்போது அங்கே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே பையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். வியர்வை உப்பும் தோல் எண்ணெயும் மேல்பூச்சைக் கெடுக்கும் என்பதால் அவ்வப்போது துவைக்கத்தான் வேண்டும். துவைக்காமல் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும் என்பது தவறான நம்பிக்கை. கொஞ்சம் திரவச் சோப்பு, நிறையத் தண்ணீர், இரண்டு மூன்று முறை அலசல். வாசனைக்காக ஊற்றுகிற துணி மென்மையாக்கியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். உள்சீட்டில் அனுமதி இருந்தால், மேலே ஒரு துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு கொஞ்சம் உயிர்பெறும். அதற்கும் தண்ணீர் உருளவில்லையென்றால் மலையேற்றச் சாமான் கடைகளில் பூச்சைப் புதுப்பிக்கும் தெளிப்பான் கிடைக்கும்.

உட்பக்கம் பாலியூரிதேன் பூசிய ஜெர்கின்களுக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் எமன். ஈரத்தோடு சுருட்டி பீரோ மேல் போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் பூச்சு பிசுபிசுத்து, பாம்புச் சட்டை மாதிரி உரியும். உரிந்தால் ஒட்ட வழியில்லை. அந்த மே மாதம் கும்பக்கரையில் என்னை அவித்தெடுத்த ஜெர்கின் அப்படித்தான் போனது. இப்போது அது மழைநாளில் பைக் சீட்டை மூடக் கிடக்கிறது.